தெருவுக்கு கேமரா: மாட்டும் முன்பும், சம்பவம் நடந்த பின்பும்

டிவிஆர், அதாவது கேமரா காட்சிகளைப் பதிவு செய்து வைக்கும் பெட்டி, அதன் முன்னால் உட்கார்ந்ததும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். செல்போனை எடுத்து, திரையின் மூலையில் ஓடும் நேரத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். பதினான்கு வருடமாக வடசென்னையில் கேமரா மாட்டுகிறேன். கொளத்தூர், பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி என்று வீடு, கடை, அபார்ட்மென்ட் எல்லாவற்றிலும் ஏணி போட்டிருக்கிறேன். ஏதாவது நடந்துவிட்டால் ஸ்டேஷனில் கிரைம் பார்க்கும் ஏட்டு கூப்பிடுவார். "தம்பி, அந்த பேக்கரி டிவிஆர் பாஸ்வேர்டு உன்கிட்டதான இருக்கு? கொஞ்சம் வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயேன்." அப்படிப் போய் எடுத்துக் கொடுத்ததிலும், எடுக்க முடியாமல் திரும்பி வந்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எடுக்க முடியாமல் போன ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நான்கு வருடம் முன்பு, மார்கழி மாதம். எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, வழி கேட்பது போல நின்று, செயினை அறுத்துக்கொண்டு ஓடினான். தாலியோடு ஐந்து பவுன். கழுத்தில் ரத்தக் கோடு. நேரம் 5.40 என்று அந்த அம்மா உறுதியாகச் சொன்னார். உள்ளே ரேடியோவில் திருப்பாவை முடிந்த நேரம் அது. தெருமுனையில் ஒரு கட்டடத்தில் கேமரா இருந்தது, நான் மாட்டியதல்ல. போலீஸ் வந்து 5.20-லிருந்து 6 மணி வரை ஓட்டிப் பார்த்தார்கள். இருட்டு, காலியான தெரு, ஒரே ஒரு பால்காரர். இந்த வழியாக வரவில்லை போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏழாம் நாள் அதே கட்டடத்தில் அடாப்டர் போய்விட்டது என்று என்னை அழைத்தார்கள். பழக்கதோஷத்தில் செல்போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். டிவிஆர் கடிகாரம் 52 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையான 5.40 அந்தத் திரையில் 6.32. அவர்கள் பார்த்ததெல்லாம் நாலரை மணித் தெரு. உடனே பின்னால் தேடினேன். ஐந்து நாள் பதிவுதான் இருந்தது, அதற்கு முந்தையதன் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. அந்த அம்மா இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால், "ஏதாச்சும் தெரிஞ்சுதாப்பா?" என்று கேட்கிறார்.

கேமரா நன்றாகத்தான் இருந்தது. படமும் தெளிவு. கடிகாரமும் ஹார்ட் டிஸ்க்கும்தான் கைவிட்டன. வாங்கும்போது அந்த இரண்டையும் பற்றி யாரும் கேட்பதில்லை. "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான் கேட்கிறார்கள்.

மாட்டினால் திருட்டு நிற்குமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நேராகவே பதில் சொல்வேன்: ஓரளவு குறையும், எல்லா இடத்திலும் அல்ல. என் அக்கா மகள் குற்றவியல் படித்தவள். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பை அவள்தான் எனக்கு உட்கார்ந்து விளக்கினாள். நாற்பது வருடத்தில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கேமரா உள்ள பகுதிகளில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதிகம் பலன் தெரிந்தது வாகனம் நிறுத்தும் இடங்களில். குடியிருப்புப் பகுதிகளிலும் ஓரளவு குறைந்தது. அடிதடி, வெட்டு, குத்து போன்றவற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. யாராவது உட்கார்ந்து திரையைக் கவனிக்கும் இடத்தில் பலன் கூடுதல். கேமராவோடு தெருவிளக்கு போன்ற வேறு ஏற்பாடுகளும் சேர்ந்தால் இன்னும் கூடுதல்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பைக் திருடுபவன் நின்று நிதானித்துப் பார்த்துத்தான் பூட்டை உடைக்கிறான், கேமரா அவன் கண்ணில் படும். ஆத்திரத்தில் கத்தியை எடுப்பவன் எந்தக் கம்பத்தையும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நடந்த பிறகு துப்புத் துலக்குவதில் கதை வேறு. பிரிட்டனில் ரயில்வே போலீஸ் 2011 முதல் 2015 வரை பதிவு செய்த இரண்டரை லட்சம் குற்றங்களை ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். 45 சதவீதத்தில் கேமரா பதிவு கிடைத்தது. மொத்தத்தில் 29 சதவீத வழக்குகளில் அது விசாரணைக்கு உதவியது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் 16 சதவீதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பதிவு இருந்தும் உதவாமல் போனவை அவை. முகம் தெரியாதது, தவறான பக்கம் பார்த்தது, நேரம் பிசகியது என்று என் கண்ணால் பார்த்த காரணங்களே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இந்த வழிகாட்டி அந்த 16 சதவீதத்தைக் குறைப்பதற்குத்தான்.

சென்னையில் கேமரா பற்றிய பேச்சு மாறியது 2016 ஜூன் 24-க்குப் பிறகு. அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா கிடையாது. வெளியே தெருவில் தனியார் கட்டடங்களில் இருந்த கேமராக்களில் ஒருவர் நடந்து போகும் மங்கலான உருவம் கிடைத்தது. ஊர் முழுக்க அந்தப் படத்தைத்தான் பார்த்தது. 2017-ல் கமிஷனராக வந்த ஏ.கே. விஸ்வநாதன் காலத்தில் 'மூன்றாவது கண்' என்று தொடங்கி, 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற கணக்கில் குடியிருப்போர் சங்கங்களும் வியாபாரிகளும் பணம் போட்டு மாட்டினார்கள். அந்த ஒன்றிரண்டு வருடம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. அதன் பலனையும் பார்த்தோம். 2025 மார்ச் 25 காலை நகரின் தென்பகுதியில் அடுத்தடுத்து செயின் பறித்தவர்களை, கேமரா கேமராவாகப் பின்தொடர்ந்து, அன்றைக்கே விமான நிலையத்தில் போலீஸ் பிடித்தது.

மூன்றாவது கண் காலத்தில் மாட்டியவற்றில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன என்று உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள். மாட்டத்தான் வசூல் செய்தோம், பராமரிக்க யாரும் செய்யவில்லை. நிறைய கம்பத்தில் தலை தொங்கிக்கொண்டு வெறும் கூடுதான் இருக்கிறது. அதனால் தெருச் சங்கமாகச் சேர்ந்து மாட்டுவதாக இருந்தால், வசூலிக்கும் தொகையில் கால்வாசியைப் பராமரிப்புக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு எத்தனை கேமரா வருமோ அத்தனை போடுங்கள். உயிரோடு இருக்கும் நான்கு கேமரா போதும்.

எங்கே, எந்த உயரத்தில், எந்த லென்ஸ்

நான் ஒரு வீட்டுக்குப் போனால், முதலில் வீட்டுக்காரரை வெளியே அழைத்து வந்து தெருவில் நிற்பேன். திருடன் எந்தப் பக்கம் இருந்து வருவான், எந்த இடத்தில் வேகம் குறைப்பான்? வேகத்தடை, குறுகிய திருப்பம், கேட்டின் தாழ்ப்பாள் ஆகிய மூன்று இடங்களிலும் எவனும் மெதுவாகித்தான் ஆக வேண்டும். முகம் எடுக்கும் கேமரா அங்கே பார்க்க வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 2.8 எம்எம் என்று போட்டு வருவது சுமார் 100 டிகிரி அகலம் காட்டும். மொத்தத் தெருவும் திரையில் வரும், வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேசத் தரம். 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். காட்சியின் அகலம் அதைத் தாண்டினால் முகம் போச்சு. 2.8 லென்ஸில் அந்த எல்லை மூன்று மீட்டரிலேயே வந்துவிடும், அதாவது பத்தடி. 6 எம்எம் லென்ஸ் போட்டால் எட்டு மீட்டர் வரை தாங்கும். அதனால் இரண்டு கேமராவுக்குக் காசு இருந்தால், ஒன்று 2.8, என்ன நடந்தது என்று காட்ட. இன்னொன்று 6 எம்எம், யார் என்று காட்ட.

உயரம்: அகலக் கேமராவை எவ்வளவு மேலே வேண்டுமானாலும் மாட்டுங்கள். முகக் கேமரா எட்டு, ஒன்பது அடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் மாடி சன்ஷேடில் மாட்டிவிட்டு ஹெல்மெட்டின் உச்சியையும் தொப்பியின் விளிம்பையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். கைக்கு எட்டும், உடைத்துவிடுவார்கள் என்று பயந்தால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் டோம் வகை வாங்கிச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

வண்டி நம்பர் எடுப்பது தனி வேலை. இரவில் கேமராவின் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை நம்பர் பிளேட் அப்படியே திருப்பி அடிக்கும், பிளேட் வெள்ளைக் கட்டமாக வெளுத்துவிடும். அதற்கென ஒரு கேமராவை ஒதுக்கி, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/500 நொடிக்கு வைத்து, வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி, சாய்வு அதிகம் இல்லாமல் மாட்ட வேண்டும். அந்தக் கேமராவில் மற்றதெல்லாம் இருட்டாகத் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் "படம் கருப்பா இருக்கே" என்று போன் செய்ததும் யாராவது வந்து ஷட்டரை மாற்றிவிட்டுப் போனால் எல்லாம் வீண். இது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

மாட்டி முடித்த அன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டுப் பையன் ஒருவனைத் தொப்பி போட்டு, விளக்கு அணைந்த நேரத்தில் தெருவில் நடக்கவிட்டு, பைக்கில் ஒரு சுற்று சுற்ற வையுங்கள். பிறகு நேரலையை விட்டுவிட்டு, பதிவைத் திறந்து பாருங்கள். நேரலையில் பளிச்சென்று தெரிவது பதிவில் கலங்கி இருக்கும், ஏனென்றால் பதிவின் தரத்தைத் தனியாகக் குறைத்து வைத்திருப்பார்கள். கோர்ட்டுக்குப் போகப் போவது பதிவுதான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சிக்கு 1913-ல் சொல்லுங்கள். இன்னொரு கேமராவுக்குச் செலவழிப்பதைவிட அந்த ஒரு போன் அதிகம் உதவும்.

எத்தனை நாள் நினைவில் இருக்கும்

கணக்கு சுலபம். 2 மெகாபிக்சல் கேமரா, எச்.265 என்ற சுருக்கிப் பதியும் முறையில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், நாளைக்குச் சுமார் 22 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிறையும். பழைய எச்.264 என்றால் அதில் பாதி, ஐந்தாறு நாள்தான். கோலம் போட்ட அம்மாவின் தெருமுனையில் இருந்தது அதுதான். 4 டிபி போட்டால் நாற்பது நாளைத் தாண்டும். மக்கள் புகார் கொடுக்கவே தயங்கி நான்கைந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தக்காரர் மேல் சந்தேகம் என்றால் இன்னும் தாமதம். முப்பது நாளுக்குக் குறைந்து நான் யாருக்கும் போடுவதில்லை. டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக்கு என்றே செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் 24 மணி நேர எழுத்துக்குத் தாங்காது.

டிஸ்க் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே அமைப்பையும் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஒன்று இருந்தது. டிஸ்க் 1 டிபி, இடம் நிறைய இருந்தது, ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெனுவில் ஒரே ஒரு வரி அது. அதே வருடம் டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருடமாவது சேமிக்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் டிவிஆரிலும் அந்த மெனுவைத் திறந்து, காலாவதி நாள் என்று ஏதாவது எண் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடிகாரம்

நெட் இணைப்பு இருந்தால் என்டிபி என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள், நேரம் தானாகச் சரியாகும். நேர மண்டலம் +5.30 என்று இருக்க வேண்டும். நெட் இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் வட்டமான சின்ன பேட்டரிதான் நேரத்தைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பின்னால் ஓடிவிடும். சில கருவியில் 2000 ஜனவரி 1 என்று காட்டும். பேட்டரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

ஒரு முக்கியமான விஷயம். சம்பவம் நடந்த பிறகு நேரம் தவறு என்று தெரிந்தால், உடனே திருத்தாதீர்கள். முதலில் செல்போன் நேரமும் திரை நேரமும் சேர்ந்து தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். அந்த வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ பதிவைத் தேடி எடுங்கள். எல்லாம் எடுத்த பிறகுதான் திருத்த வேண்டும். முன்கூட்டியே பின்னுக்குத் தள்ளினால் ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவு விழுந்து குழம்பும்.

போன வருடம் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் இருந்து ஸ்ப்ளெண்டர் வண்டி காணாமல் போனது. எஸ்.ஐ.யோடு நானும் போய், டீக்கடை, இஸ்திரிக் கடை, மெடிக்கல் ஷாப் என்று பதினோரு கேமரா பார்த்தோம். நான்கில் நேரம் பிசகு. ஒன்று 3 நிமிடம், ஒன்று 17, ஒன்று ஒரு மணி நேரம், ஒன்றில் தேதியே வேறு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டதால்தான் அவன் எந்தச் சந்தில் திரும்பினான் என்று கண்ணி அறாமல் போக முடிந்தது. பத்து கேமராவிலும் ஹெல்மெட்தான். பதினோராவது ஒரு பெட்ரோல் பங்க். திருட்டு வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கும் என்று திருடனுக்கு எப்படித் தெரியும்? நிறுத்திப் போட்டிருக்கிறான். பணம் எண்ண ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தான். அந்த கேமரா பம்புக்குப் பக்கத்தில், முகத்தின் உயரத்தில் இருந்தது.

எடுத்துக் கொடுக்கும்போது

திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தேடுவதற்கு உதவும், வழக்குக்கு உதவாது. டிவிஆரில் இருந்தே, அதன் சொந்த வடிவத்தில், பிளேயரோடு சேர்த்து, புது பென்டிரைவில் எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் கூடுதலாக. நோட்டம் பார்க்க வந்தவன் முன்னாலேயே ஒரு சுற்று சுற்றியிருப்பான். நகல் ஒன்றை உங்களிடம் வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இடத்தில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவு வந்துவிட்டது. பதிவின் நகலோடு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், அதாவது நீங்கள். மற்றொன்றில் நிபுணர். கோப்பின் ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு பிக்சல் மாறினாலும் எண் மாறிவிடும். மூலக் கருவியையே கோர்ட்டுக்குக் கொண்டுவராவிட்டால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடப் பயந்து பதிவே இல்லை என்று சொல்லிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நகை போனவருக்கு உங்களைவிட்டால் வேறு சாட்சி இல்லாமல் இருக்கலாம். டிஸ்க்கையே எடுத்துப் போகிறார்கள் என்றால், சீரியல் நம்பரோடு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள், அன்றைக்கே வேறு டிஸ்க் போடுங்கள்.

குடியிருப்போர் குழுவில் "இவன்தான் திருடன், ஷேர் செய்யுங்கள்" என்று மட்டும் போடாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊர் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி செத்தே போனார். மங்கலான உருவத்தை வைத்து முடிவு செய்வது நம் வேலை இல்லை.

பக்கத்து வீட்டு ஜன்னல், மொட்டை மாடி, குளியலறைக் கதவு காட்சியில் விழுந்தால் அந்த இடத்தைக் கருப்புக் கட்டம் போட்டு மறைக்கும் வசதி அநேகமாக எல்லா டிவிஆரிலும் இருக்கிறது. போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துத் திரையைக் காட்டுங்கள். பாஸ்வேர்டை மாற்றாத டிவிஆரை நெட்டில் இணைக்கவே கூடாது. 2025-ல் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே போய் விற்பனைக்கு வந்தன. பெண்கள் பரிசோதனை அறையில் இருந்த காட்சிகள். அங்கே கேமராவே இருந்திருக்கக் கூடாது என்பது வேறு.

மாதம் ஒரு அரை மணி நேரம்

இரவில் கேமராவின் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், கண்ணாடி முன்னால் வலை கட்டும். காலையில் பார்த்தால் எதுவும் தெரியாது, இரவுப் பதிவு முழுக்க வெள்ளைக் கோடாக ஆடும். ஒட்டடைக் கம்பில் உலர்ந்த துணி கட்டித் துடையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒயர் இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிவிஆர், பவர் சப்ளை, ரூட்டர் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

டிவிஆர் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் பக்கத்தில் பாஸ்வேர்டு தெரிந்த இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் (பாஸ்வேர்டை எழுத வேண்டாம்). ஒவ்வொரு மாதமும் ஒரு வரி: தேதி, கடிகாரம் எத்தனை நொடி பிசகு, எத்தனை நாள் பின்னால் வரை பதிவு ஓடுகிறது, எந்த கேமரா படுத்திருக்கிறது. "எத்தனை நாள்" என்பதை மெனுவைப் பார்த்து எழுதாதீர்கள். இருபத்தைந்து நாள் முந்தைய ஒரு விடியற்காலையைத் திறந்து, ஐந்தே முக்காலுக்குத் தெருவில் யார் போகிறார்கள் என்று ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.